காற்று வரலாம், மழை வரக்கூடாது

ஓவசியரின் சட்டை தோளிலிருந்து முழங்கை வரை நனைந்திருந்தது. அவர் நின்றது கட்டிடத்துக்கு உள்ளே.

வெளியே நாவுலப் பக்கத்து மழை. வயலைத் தாண்டி வந்து சுவரில் சாய்வாக அடித்தது. அந்தச் சுவரின் மேற்பாதி முழுக்க நாங்கள் வார்த்துக் கொடுத்த ஓட்டை வைத்த சீமெந்துக் கற்கள். ஒவ்வோர் ஓட்டை வழியாகவும் தண்ணீர் உள்ளே விசிறியது. புதிதாக மெழுகிய சிவப்புத் தரையில் தேங்கி, வாசல் பக்கமாக ஓட ஆரம்பித்தது.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி லேஞ்சித் துணியால் துடைத்தார். லேஞ்சியும் ஈரம். கண்ணாடி இன்னும் மங்கிப் போனது.

“தங்கச்சி, இது பிள்ளை பெறுகிற அறை. குளிக்கிற அறை இல்லை” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். வேலைத்தலங்களைப் பார்த்து, இது சரி, இது பிழை என்று எழுதுகிற உத்தியோகம். அவர் சரி என்று எழுதாவிட்டால் எங்கள் கல் ஒன்றுகூட அந்தச் சுவரில் நிற்காது.

பிறகு அவர் மிச்சமாக அடுக்கி வைத்திருந்த கற்களில் ஒன்றை எடுத்தார். ஓட்டையின் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். மண் உதிர்ந்தது. அதை உள்ளங்கையில் ஏந்தி எனக்குக் காட்டினார்.

“மழை ஒரு பிழை. இது ரெண்டாவது பிழை” என்றார்.

நான் எப்படி அங்கே போனேன்

போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாசகி என்னைக் கடைத்தெருவில் நிறுத்திக் கேட்டார். “கல்யாணம் வரைக்கும் எழுதிட்டீங்க, சீமெந்து வேலைக்கு எப்படிப் போனீங்கன்னு எழுதலையே?” நான் போகவில்லை. அது என் வீட்டு முற்றத்துக்கு வந்தது.

என் கணவர் இஸ்மாயில் மாத்தளை டவுன் முடிந்து வடக்கே பாதை போகிற இடத்தில், வீட்டோடு சேர்ந்த காணியில் கல் வார்க்கும் தொழில் வைத்திருந்தார். சுவர்க்கல், கிணற்று வளையம், யன்னலுக்கு மேலே வைக்கிற நீளக்கல், எல்லாம் செய்வார். எழுபதுகளின் ஆரம்பம் என்று நினைக்கிறேன். நினைத்த நேரத்தில் சீமெந்து கிடைக்காத காலம். கிடைத்த ஒரு நாள், லொறியிலிருந்து மூட்டை இறக்கும்போது பலகை சறுக்கியது. மூட்டையோடு விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தும் எழுந்து நடக்க முடியவில்லை. விறாந்தைக்கு அடுத்த அறையில் கட்டில் போட்டோம். முற்றத்தில் வேலை நடக்கிற சத்தம் அவருக்குக் கேட்க வேண்டும் என்று நான்தான் அந்த அறையைத் தேர்ந்தெடுத்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கொண்டார்.

அந்த நேரத்தில்தான் நாவுலக்கு உள்ளே ஒரு கிராமத்தில் கட்டிக் கொண்டிருந்த பிரசவ விடுதிக்கு எங்களிடம் ஓட்டைக்கல் கேட்டார்கள். வேலையாட்கள் ரெண்டு பேர் இருந்தார்கள். அவர் சொல்வதை நான் முற்றத்துக்குக் கொண்டு போவேன். அவர்கள் கேட்பதை அறைக்குக் கொண்டு வருவேன். கொஞ்ச நாளில் அவர் பதில் சொல்வதைக் குறைத்துக் கொண்டார். “ஒனக்குத் தெரிஞ்ச மாதிரி செய்” என்பார். எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி செய்தேன்.

அதன் பலன்தான் ஓவசியரின் உள்ளங்கையில் உதிர்ந்து கிடந்தது.

உலக்கையால் திறந்த ஓடு

ஓட்டைக்கல் என்றால் பலருக்கு அது அழகுக்கு வைப்பது. எனக்கு அப்படியில்லை.

என் மூத்த மகன் பிறந்தது டவுனுக்குள் இருந்த என் மாமியாரின் பழைய வீட்டில். தெருப் பக்கத்து அறை. யன்னலைத் திறந்தால் போகிற வருகிற ஆட்களுக்கு உள்ளே தெரியும் என்று அதை ஆணி அடித்து வைத்திருந்தார்கள். வெயில் காலம். அறைக்குள் சாம்பிராணிப் புகை வேறு. வலியை விட மூச்சு முட்டியதுதான் எனக்கு ஞாபகம்.

என் கணவரின் மூத்த சகோதரி ஜெமீலா மதினி என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். உலக்கையோடு திரும்பி வந்தார். அறையில் இருந்தவர்கள் என்ன ஏது என்று கேட்பதற்குள் உலக்கையின் நுனியால் கூரை ஓடு ஒன்றை மேலே தள்ளி விலக்கினார். ஒரு துண்டு வெளிச்சம் என் மேல் விழுந்தது. அதோடு காற்றும் வந்தது. எங்கிருந்தோ யாரோ மிளகாய் வறுக்கிற வாசம். அந்த வாசத்தை இழுத்து இழுத்து மூச்சு விட்டேன்.

அதனால் பிரசவ விடுதிக்குக் கல் என்றதும் நான் சந்தோஷமாகத்தான் சம்மதித்தேன். காற்று வரும், வெளிச்சம் வரும், வெளியே நிற்கிறவர் கண் உள்ளே வராது. மழையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

“அடைச்சிடலாங்க”

விடுதியைக் கட்டியது வேலு முதலாளி. மாத்தளையில் பெயர் எடுத்த கொந்தராத்துக்காரர். கெட்ட மனுசர் இல்லை. அவருக்குக் கட்டிடம் முடிய வேண்டும், அவ்வளவுதான்.

மழை விட்டதும் அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “இந்தாங்கம்மா, இதுக்கு ஏன் மூஞ்ச வாட்டமா வச்சிருக்கீங்க? ஓட்டைய எல்லாம் சாந்து போட்டு அடைச்சிடலாங்க. மேல ஒரு வரிச மட்டும் விட்டுருவோம். ஓவசியர் ஐயாவுக்கும் மழ வராது, ஒங்களுக்கும் கல்லு திரும்பி வராது.”

ஒரு நிமிடம் எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. புதிதாக வார்க்கச் சீமெந்துக்கு எங்கே போவது? வீட்டில் கிடக்கிற மனுசருக்கு என்ன சொல்வது?

பதில் சொன்னது நான் இல்லை, சோமா நோனா. அந்த ஊர் மருத்துவிச்சி. வெள்ளைச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கொண்டு, தண்ணீருக்குள் நின்று நாங்கள் பேசுவதைக் கேட்டுக் கொண்டிருந்தார்.

“அடைக்க வேண்டாம்” என்றார் தமிழில். பிறகு சிங்களத்துக்கு மாறினார். இந்த ஊரில் இருட்டு அறைகளுக்குள் குனிந்து குனிந்து பிள்ளை பிடித்துத் தன் முதுகு போய்விட்டது என்றார். வெளிச்சமுள்ள ஓர் அறைக்காகத்தான் இத்தனை வருசம் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினேன் என்றார். அடைப்பதானால் தனக்கு இந்த விடுதியே வேண்டாம், பழையபடி வீடு வீடாகப் போகிறேன் என்றார்.

வேலு முதலாளி பெருமூச்சு விட்டார். “நோனா, காத்தும் வேணும், மழயும் வரக்கூடாதுன்னா எப்படிங்க?”

 சுவரிலிருந்து தண்ணீர் சொட்டிக் கொண்டிருந்தது.

எது சரி என்று யார் சொல்வது

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததென்று தெரியவில்லை. ஓவசியரைப் பார்த்துக் கேட்டேன்.

“ஐயா, இது சரியில்லன்னு சொல்லிட்டீங்க. சரியான கல் எப்படி ஈக்கணும்னு சொல்லுங்க. அது தெரியாம நாங்க திரும்பத் திரும்ப வார்த்துக் கொண்டாந்தா நீங்களும் திரும்பத் திரும்ப வேணாம்னுதானே சொல்லுவீங்க?”

துணைக்கு வந்திருந்த ஜெமீலா மதினி என் முதுகில் கிள்ளினார். ஆம்பிளைகளிடம் அப்படிக் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

ஓவசியர் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார். பிறகு உண்மையைச் சொன்னார். “செங்கல்லுக்கு விதி இருக்கு. யன்னலுக்கு மேலை வைக்கிற கல்லுக்கும் இருக்கு. இந்த ஓட்டைக்கல்லுக்கு எண்டு என்னட்டை ஒண்டும் எழுத்திலை இல்லை, தங்கச்சி. கண்ணாலை பார்த்துத்தான் சொல்லுறன்.”

“அப்ப நாமளே பேசி முடிவு எடுப்போமே.”

அவர் சிரித்தார். அன்றைக்கு அதுதான் முதல் சிரிப்பு. ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சோமா நோனாவையும் கூப்பிட்டார். “இந்த அறையிலை வேலை செய்யப் போறது நீங்கள். முதல்லை நீங்கள் சொல்லுங்கோ.”

நோனா சொன்னார். வெளியே நிற்கிறவருக்குக் கட்டில் தெரியக்கூடாது. பாம்போ வௌவாலோ நுழைகிற அளவுக்கு ஓட்டை பெரிதாக இருக்கக்கூடாது. ஆனால் தன் கை துணியோடு உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் தூசி துடைக்க முடியாது. மழை கட்டிலுக்கு வரக்கூடாது.

ஓவசியர் தன் பங்கைச் சொன்னார். மணலில் மண் கலந்திருக்கக்கூடாது. வார்த்த கல்லைச் சாக்குப் போட்டு மூடி ஈரமாகவே வைத்திருக்க வேண்டும், வெயிலில் காயப் போடக்கூடாது. நகத்துக்கு உதிரக்கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து விட்டால் உடையக்கூடாது. எல்லாக் கல்லும் ஒரே அளவாக ஒரு மரச் சட்டத்துக்குள் போய் வர வேண்டும்.

“மழைக்கு?” என்றேன்.

அவர் ஒரு கல்லை எடுத்து வெளிப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார். “ஓட்டையின்ரை அடிப்பக்கம் இப்பிடி வெளியாலை சரிய வேணும். வாற தண்ணி திரும்பி வெளியாலை ஓடும். ஆனா கல்லைச் சரிச்சுக் கட்டேலாது, ஓட்டை மட்டும் சரிய வேணும். அதை எப்பிடி வார்க்கிறது எண்டு எனக்குத் தெரியாது. அது உங்கடை வேலை.”

வீட்டுக்குத் திரும்பும் பஸ் நாலந்தா ஊரைத் தாண்டியது. மதினி கேட்டார்: “கிள்ளினது வலிச்சிச்சா?” வலித்தது என்றேன். “நல்லாத்தான் கேட்டீங்க” என்றார்.

கட்டிலில் கொட்டிய மணல்

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டுக் கொண்டிருந்தார்.

“அந்தாளுக்கு ஏதாச்சும் குடுக்கணுமா ஈக்கும். அதுக்குத்தான் இந்தச் சுத்து.”

“இல்ல. தேத்தண்ணி கூடக் குடிக்கல. மெய்யாத்தான் சொல்றாரு. நானும் மழைல நனைஞ்சேன்.”

 நான் ஓட்டை சரிய வேண்டிய விதத்தைச் சொன்னேன்.

“ஏலாது” என்றார் உடனே. “ஓட்டைக்கு வைக்கிற கட்டை நேராத்தான் ஈக்கணும். நேரா ஈக்கும்போதே உருவ ஏலாம ஓரம் உடையுது. சரிஞ்சா வரவே வராது.”

அதைச் சொல்வதற்காக என் பக்கம் திரும்பியிருந்தார். நான் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

கல் வார்க்கும் விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். மரச் சட்டம் ஒன்றைத் தரையில் வைத்து, ஓட்டை வர வேண்டிய இடங்களில் சதுரக் கட்டைகளை நிறுத்தி, சுற்றிலும் கலவையைப் போட்டுத் தட்டுவோம். கொஞ்சம் இறுகியதும் கட்டைகளை மேலே உருவுவோம். அப்போதுதான் ஓரங்கள் பிய்ந்து வரும். எங்கள் முற்றத்தில் ஓரம் பிய்ந்த கல் ஒரு குவியலே கிடந்தது.

அடுத்த நாள் காலை நான் குசினியில் சமைத்துக் கொண்டிருக்கும்போது கூப்பிட்டார். “ரஹீமா, ஒரு பேசின்ல ஈர மணல் கொண்டா. பலாக்கட்டை துண்டு ஒண்டும் கத்தியும் கொண்டா.”

கொண்டு போய்க் கொடுத்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கட்டையைச் சீவ ஆரம்பித்தார். மதியம் வரை சீவினார். மரச்சீவல் போர்வை முழுக்க. நேரான கட்டையை ஆப்பு மாதிரி ஆக்கியிருந்தார். ஒரு முனை அகலம், மறு முனை ஒடுக்கம், ஒரு பக்கம் மட்டும் சரிவு. அதன் ஒடுங்கிய முனை கீழே போகும்படி ஈர மணலில் நிறுத்தி, சுற்றிலும் மணலை அழுத்தி, மெதுவாக மேலே உருவினார்.

வெண்ணெயிலிருந்து கத்தி வருகிற மாதிரி வந்தது. ஓரம் ஒன்றுகூட உதிரவில்லை.

திரும்பவும் செய்தார். திரும்பவும் வந்தது. அவசரத்தில் பேசின் சரிந்து மணல் கட்டிலெல்லாம் கொட்டியது. அவர் அதைத் தட்டிவிடக்கூட இல்லை.

“அகலமான பக்கத்த வெளிச்சுவர்ப் பக்கம் வச்சா அடி வெளிய சரியும்” என்றார். “அந்தாளு கேக்கிறதும் அதுதானே? ஓரம் உடையிறதும் நிக்கும். இவ்வளவு நாளும் எனக்குத் தோணலையே.”

விழுந்த நாளிலிருந்து அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. நான் போர்வையை உதறுகிற சாட்டில் முகத்தைத் திருப்பிக் கொண்டேன்.

மணலும் சாக்கும்

அதற்குப் பிறகு நடந்தது வெறும் உழைப்பு. ஒரு கண்ணாடிப் போத்தலில் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் அடியில் தங்கும், மண் அதற்கு மேலே படியும். ஓவசியர் சொல்லித் தந்தது. எங்கள் மணலில் மண் விரற்கடை அளவுக்குப் படிந்தது. அதைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது. மதினியும் நானும் மணலைக் கிணற்றடியில் கழுவினோம். வேலையாட்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களும் வந்து கழுவினார்கள்.

சீமெந்து எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். வேலு முதலாளிதான் தன்னிடம் இருந்ததில் கொடுத்தார். “அடைக்கச் சொன்ன வாயால கேக்கிறேன், மூட்ட வேணுமா?” என்றார். மனுசர் அப்படியும் இருப்பார்.

வார்த்த கற்களுக்கு ஈரச் சாக்குப் போர்த்தினோம். வெயில் ஏற ஏறத் தண்ணீர் தெளிக்க வேண்டும். கட்டிலை விறாந்தைக்கு மாற்றச் சொன்னார் என் கணவர். அங்கே படுத்துக் கொண்டு, “அந்த மூலைல காயுது” என்று குரல் கொடுப்பார். சாக்குக்கு அடியில் இருக்கிற கல் காய்வது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. போய்ப் பார்த்தால் காய்ந்துதான் இருக்கும்.

வாளித் தண்ணீர்

பழைய கற்களைக் கழற்றிப் புதியவற்றைக் கட்டி முடித்த பிறகு ஓவசியர் வந்தார். மழையைக் காணோம். வானம் துடைத்து வைத்த மாதிரி நீலமாக இருந்தது.

முதலில் மிச்சக் கல்லில் தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்தார். நகத்தால் சுரண்டினார். ஒன்றும் வரவில்லை. இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கையை விட்டார். கல் மண்ணில் விழுந்து புரண்டது. குனிந்து எடுத்துத் தட்டிப் பார்த்தார். ‘டங்’ என்றது.

பிறகு வேலு முதலாளியின் ஆட்களைக் கூப்பிட்டு, வெளியே நின்று வாளி வாளியாகச் சுவரில் அடிக்கச் சொன்னார். அவர் உள்ளே போனார். சோமா நோனாவும் போனார். நானும் போனேன். நோனா ஒரு வெள்ளைத் துணியை விரித்துக் கட்டில் வரப் போகிற இடத்தில் தரையில் போட்டார்.

முதல் வாளி சுவரில் மோதிய சத்தம் கேட்டது. ஓட்டைகளுக்குள் தண்ணீர் ஏறுவது தெரிந்தது. ஏறி, சரிவில் தயங்கி, திரும்பி வெளியே ஓடியது. அடுத்த வாளி. அடுத்தது. வெளியே இருந்தவர்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது, ஓங்கி ஓங்கி அடித்தார்கள். ஓரிரண்டு துளி சுவரோரமாக விழுந்தது. துணி அப்படியே கிடந்தது.

நோனா குனிந்து துணியைத் தடவிப் பார்த்தார். எடுத்துக் கன்னத்தில் ஒற்றிக் கொண்டார். “காய்ந்து இருக்கு” என்றார் தமிழில்.

ஓவசியர் அந்த ஓரிரண்டு துளிகளையே பார்த்துக் கொண்டிருந்தார். 

“அது பரவாயில்லை” என்றார் கடைசியில். “சுவர் எண்டால் கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும்.”

விடுதி திறந்து கொஞ்ச நாளில் அங்கே போனேன். பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி முந்தின நாள் பிறந்த பெண்குழந்தையோடு படுத்திருந்தாள். நோனா சுவருக்கு இந்தப் பக்கம் நிமிர்ந்து நின்று வேலை செய்து கொண்டிருந்தார். முற்றத்தில் நின்ற ஆண்களின் பேச்சு கேட்டது. அவர்களுக்கு நாங்கள் தெரியவில்லை. நான் அந்தப் பெண்ணிடம் யார் என்று சொல்லிக் கொள்ளவில்லை. காற்று எப்படி என்று மட்டும் கேட்டேன். “குளிராக ஈக்கு, ஒரு போர்வை வேணும்” என்று சிங்களமும் தமிழும் கலந்து சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மாதிரிக் கல்

ஓவசியர் எங்கள் கல்லில் ஒன்றைத் தன் கந்தோருக்கு எடுத்துப் போனார். பள்ளிக்கூடமோ விடுதியோ, ஓட்டைக்கல் வைக்கிற கட்டிடம் எதுவானாலும் கல் கொடுக்கிறவர்களை அதற்குப் பக்கத்தில் தங்கள் கல்லை வைக்கச் சொல்வாராம். கொஞ்ச காலத்தில் அவருக்கு இடமாற்றம் வந்து ஊருக்குப் போனார். சொல்லிக் கொண்டு போக வீட்டுக்கு வந்தவர், என் கணவர் கோல் ஊன்றி நடந்து வந்து வரவேற்றதைப் பார்த்து எழுந்து நின்றார்.

அவருக்குப் பிறகு ஒரு புதியவர் வந்தார். வயது குறைந்தவர், எங்களைத் தெரியாது. ஒரு பள்ளிக்கூடத்துக்காக நாங்கள் வார்த்திருந்த கற்களைப் பார்க்க முற்றத்துக்கு வந்தார். சாக்குப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தரையில் வைத்தார். மூலை மழுங்கி, நிறம் கறுத்து இருந்தது. எங்கள் கல்தான்.

எங்கள் புதிய கற்களை ஒவ்வொன்றாக அதோடு ஒப்பிட்டார். ஒரு வரிசைக்கு வந்ததும் நிறுத்தினார். அந்த வரிசை வார்த்த அன்று எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம். அவசரத்தில் அச்சைச் சரியாகக் கழுவவில்லை. ஓட்டைகளின் அடி கரடுமுரடாக இருந்தது.

“அம்மா, இந்த வரிசை சரிவராது” என்றார். “இதைச் செய்தவங்க வேலை தெரிஞ்சவங்க. இத மாதிரி இருக்கணும்.” பழைய கல்லைத் தொட்டுக் காட்டினார்.

என் கணவர் வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

“சரி ஐயா” என்றேன். “நாளைக்கே வேற வார்த்து வைக்கிறோம். நீங்க வந்து பாருங்க.”

அவர் போன பிறகு என் கணவர் என்னைப் பார்த்தார். “அது நம்ம கல்லுன்னு ஏன் சொல்லல?”

“சொன்னா பாவம், அந்தப் புள்ள வெக்கப்பட்டு, சரியில்லாத அந்த வரிசையவும் சரின்னு எழுதி எடுத்துட்டுப் போயிரும்.”

 அவர் கோலை ஊன்றி எழுந்து, அச்சைக் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.